பூ இல்லாமல் வந்த ரூசோ

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூசோ 1909இல் வரைந்த படம் ஒன்று உண்டு. கறுப்புக் கோட்டில் இறகுப் பேனாவோடு ஒரு கவிஞர், பக்கத்தில் கையை உயர்த்தி நிற்கும் கலைத்தேவி. அதன் பிரதியை இணையத்தில் ஓவியப் பிரதிகள் விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். மேட் தாள், 16க்கு 20 அங்குலம், ஃப்ரேம் தனி.

தாளையும் மையையும் குறை சொல்ல முடியாது. ட்யூப்லைட்டுக்கு எதிரே மாட்டினாலும் பளபளப்பு இல்லை. கோட்டின் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, இலைகளின் பச்சை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் படத்தின் அடிப்பகுதியைக் காணோம். கால்கள் இல்லை. முன்வரிசைப் பூக்களில் ஒன்றிரண்டின் தலை மட்டும் விளிம்பில் எட்டிப் பார்க்கிறது.

வேறு படமென்றால் விட்டிருப்பேன். இதில் அந்தப் பூதான் கதையே. கவிஞர் கியோம் அப்போலினேர். தேவி அவருடைய காதலி, ஓவியர் மாரி லோரான்சேன். ரூசோ பாரிஸ் நகரச் சுங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே தானாக வரையக் கற்றவர். அப்போலினேரை உட்காரவைத்து மூக்கு, வாய், காது, நெற்றி என்று எல்லாவற்றையும் தையற்காரர் மாதிரி அளவெடுத்தாராம், அப்போலினேரே எழுதியிருக்கிறார். அத்தனை அளந்தவர், ஒல்லியான லோரான்சேனைத் தூண் கனத்துக்கு வரைந்திருக்கிறார்! எனக்கு அந்தத் தேவியைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, பூவுக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர்கள் 'கவிஞர் கார்னேஷன்' என்று சொல்லும் பூவைக் கவிஞரின் காலடியில் வைக்க நினைத்தவர், தவறிப்போய் வால்ஃபிளவர் என்ற வேறு பூவை வரைந்துவிட்டார். அதைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி வரைந்தார். முதல் படம் மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில், திருத்திய படம் சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்தில். நான் வாங்கியது பாசல் படம். எந்தப் பூவுக்காக அவர் இரண்டாவது தடவை வரைந்தாரோ, அதையே வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்கு எளிது. மூலம் சுமார் 146க்கு 97 செ.மீ., அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரம். 16க்கு 20 என்பது ஒன்றேகால் மடங்குதான். உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போயே தீரும். தேவியின் உயர்த்திய கையைக் காப்பாற்றப் போய், வெட்டு மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. தளத்தில் காட்டும் படமோ முழுசாக இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

புகார் எழுதியதும் மறுப்பேதும் சொல்லாமல், விலை வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டு 16க்கு 24 அனுப்பினார்கள். அதில் எல்லாப் பூவும் இருக்கிறது. குழாய்ப் பெட்டியின் ஒரு முனை நசுங்கி வந்தது, தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். இரண்டு குறைத்தது வெட்டுக்காக.

மாஸ்கோ படம் வேண்டுமென்பவர்கள் 18க்கு 24 கேளுங்கள். மூலம் 131க்கு 97 செ.மீ. என்பதால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பூ தப்பான பூதான், ஆனால் முழுசாக வரும்.