கிளினிக் வைத்திருப்பவர்களே, ஈஎஸ்ஐ சலானைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. போனது 1,07,240 ரூபாய்.

எங்கள் கிளினிக்கில் 11 பேர். 10 பேர் ஆனாலே ஈஎஸ்ஐ (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டாயம் என்பதால், பிஎஃப், ஈஎஸ்ஐ வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்தோம். இரண்டாவது வாரமே 11 பேருக்கும் ஈஎஸ்ஐ கார்டை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். ஆயாம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். அங்கேதான் விழுந்தேன்.

"சர்வர் இழுக்குது மேடம், என் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க, நான் கட்டிடறேன்" என்றான். மாதச் சம்பளம் மொத்தம் 1,54,000. அதில் எங்கள் பங்கு 3.25 சதவீதம், ஸ்டாஃப் பங்கு 0.75, ஆக 6,160 ரூபாய். அவன் ஃபீஸ் 1,500. முதல் 2 மாதம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறான். அடுத்த 14 மாதம் ஒரு பைசா கட்டவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த சலான் எல்லாவற்றிலும் ஒரே நம்பர், மாதம் மட்டும் வேறு. பேஷண்ட் ரிப்போர்ட்டை மூன்று தடவை பார்க்கிறவள், இதை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

ரிசப்ஷன் பெண்ணுக்கு ஏழாம் மாதம். பிரசவ காலச் சம்பளத்துக்காக ஈஎஸ்ஐ ஆபீஸ் போனவளிடம், "உங்க முதலாளி பணமே கட்டலையேம்மா" என்றிருக்கிறார்கள். மாதம் 90 ரூபாய் அவள் சம்பளத்தில் பிடித்தவள் நான்.

போன் செய்தால், "போர்ட்டல் அப்டேட் ஆகும், 48 மணி நேரம் பொறுங்க." அடுத்த வாரம், "பேங்க்ல சிக்கல்." நேரில் போனால் அங்கே ஒரு பெண், "சார் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார், டென்ஷன் பண்ணாதீங்க." மாலை போட்டவன் செய்கிற வேலையா இது! இப்போது ஒற்றை டிக்தான்.

1,07,240 போனதோடு முடியவில்லை. சட்டப்படி பொறுப்பு முதலாளிக்குத்தான். அதில் அவன் ஃபீஸ் போக, 14 மாத ஈஎஸ்ஐ பணமான 86,240-ஐ 12 சதவீத வட்டியோடு மறுபடி நானே கட்ட வேண்டும், அபராதம் தனி.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. லாகினும் ஓடிபி வரும் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும். பணத்தைப் போர்ட்டலில் நீங்களே கட்டுங்கள், 15-ம் தேதிக்குள். கட்டியாச்சா என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஸ்டாஃபையும் அவரவர் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே ஓபி காத்திருக்கிறது. டோக்கன் கொடுக்கிறவள் இன்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை.