தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளம்: படிவம் 7 பற்றிக் கவலையுடன் ஒரு மதிப்பாய்வு

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தையும் அதன் கைப்பேசிச் செயலியையும் என் குடும்பத்தினருக்காகவும் எங்கள் தெருவில் உள்ள முதியவர்களுக்காகவும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8 என்று வேண்டியவை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கின்றன. விண்ணப்பித்தவுடன் வரும் குறிப்பு எண்ணைக் கொண்டு அது எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள்கள் வயதைக் கணக்கிடும் தகுதி நாள்களாக ஆனபின், 18 வயது நிறையும் இளைஞர்கள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் வாக்காளர் பட்டியலைக் குறித்து நாடெங்கும் சண்டை நடக்கும் காலத்தில், ஒரு பதிவுச் சேவையை எளிமையை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. மோசடி என்று ஒருவர் சொல்லும்போது அது உண்மையா, பொய்யா என்பதைச் சாதாரண வாக்காளரே சரிபார்க்க அந்தச் சேவை இடம் கொடுக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

கர்நாடகத்தின் ஆளந்த் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் அங்கே 6,018 பேரின் பெயர்களை நீக்கக் கோரி இணையம் வழியாகப் படிவம் 7 விண்ணப்பங்கள் வந்தன. எண்ணிக்கை ஐயம் தந்ததால் ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்த்ததாகவும், 24 மட்டுமே சரியானவை, மீதி 5,994 விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன என்றும் ஆணையமே பின்னர் தெரிவித்தது. 2023 பிப்ரவரியில் வழக்கும் பதிவானது. 2025 செப்டம்பரில் இதை மீண்டும் எழுப்பிய ராகுல் காந்தி, விண்ணப்பித்தவர்களாகக் காட்டப்பட்டவர்களுக்கே அந்த விண்ணப்பங்களைப் பற்றித் தெரியாது என்று குற்றஞ்சாட்டினார். எவருடைய பெயரையும் யாரும் இணையம் வழியாகத் தாமாக நீக்கிவிட முடியாது என்பது ஆணையத்தின் பதில்.

அந்தப் பதில் விதிப்படி சரியே. விண்ணப்பம் போடுவது வேறு, பெயர் நீங்குவது வேறு. இடையில் விசாரணை உண்டு, ஆட்சேபிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு தரப்பட வேண்டும். ஆளந்தில் அந்தத் தடுப்பு வேலை செய்தது என்பதையும் மறுக்க மாட்டேன். இருந்தாலும், ஏறக்குறைய ஆறாயிரம் தவறான கோரிக்கைகள் வாசலைத் தாண்டி உள்ளே வர முடிந்தது சேவையின் குறைதான். 2025 செப்டம்பரில்தான் ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் வழியாக மின்கையொப்பம் இடும் முறை இந்தப் படிவங்களுக்கு வந்தது. நல்ல மாற்றம், தாமதமாக வந்த மாற்றம். பணம் எடுத்தால் வங்கி உடனே செய்தி அனுப்புவதைப் போல, என் பெயரை நீக்க ஒருவர் கோரிய அந்த நிமிடமே என் கைப்பேசிக்குச் செய்தி வருவது உறுதியாக்கப்பட வேண்டும்.

வீடு வீடாக நடக்கும் பதிவு இயக்கங்களில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். 2022 நவம்பரில் பெங்களூருவில், வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கென மாநகராட்சியின் அனுமதி பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள்கள், வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் (ஒவ்வொரு வாக்குச்சாவடியின் பட்டியலையும் கவனிக்கும் அரசு ஊழியர்கள்) என்ற அடையாள அட்டையுடன் மக்களின் விவரங்களைத் திரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா ஆகிய மூன்று தொகுதிகளின் பட்டியலையும் மீண்டும் ஆராய ஆணையம் உத்தரவிட்டது, இரண்டு ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆகவே வீட்டுக்கு வருபவரிடம் விவரம் தருமுன், அவர் பெயர் உங்கள் பாகத்துக்குரிய (வாக்காளர் பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கான பகுதிக்குரிய) அலுவலராகத் தளத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இச்சேவையின் அருமையான பகுதி.

அதே மகாதேவபுராவில் 1,00,250 வாக்குகள் முறைகேடானவை என்று 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி கூறினார். படிவம் 6-ஐத் தவறாகப் பயன்படுத்தியவை மட்டும் 33,692 என்பது அவருடைய கணக்கு. ஆணையம் அதை மறுத்து, உறுதிமொழியுடன் புகார் தருமாறு கேட்டது. இருவரில் யார் சொல்வது சரி என்பதை நாம் தளத்திலிருந்து அறிய இயலவில்லை. ஏனெனில் பதிவிறக்கும் பட்டியல் தேட முடியாத படக்கோப்பாக வருகிறது. தேடக்கூடிய வடிவில் கொடுத்தால் மக்களின் தரவுகள் தவறாகப் பயன்படும் என்கிறது ஆணையம். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகவரியை மறைத்து, பெயரையும் பாக எண்ணையும் தேடும்படி கொடுக்க வழியில்லையா?

இது முடியாத காரியம் அல்ல என்பதைப் பீகார் காட்டியது. வாக்காளர் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் அங்கே வரைவுப் பட்டியலிலிருந்து விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களை, காரணத்தோடும் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வசதியோடும் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகே உயிரோடிருந்தும் இறந்தவராகக் குறிக்கப்பட்ட ஒருவர் தம் நிலையை எளிதில் கண்டுபிடித்து முறையிடும் வழி பிறந்தது. தமிழ்நாட்டில் இதே திருத்தத்தின்படி 2025 டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது விடுபட்ட பெயர்கள் 97 லட்சத்துக்கும் அதிகம். இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் நிச்சயம் உண்டு. ஆனால் வாடகை வீடு மாறியதால் மட்டுமே விடுபட்ட கூலித் தொழிலாளிக்கு அந்தப் பெரிய எண்ணால் ஆறுதல் இல்லை. அவருக்கு வேண்டியது படிவமும் அதை நிரப்பித் தர ஓர் ஆளும்தான்.

இந்தத் தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல் அவ்வப்போது தங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, பாக எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை எதிர்த்து 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அவர் முடிவிலும் குறையிருந்தால் 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.