ப்ராக், வியன்னா, புடாபெஸ்ட் போகிறவர்கள் கவனத்துக்கு: பர்ஸைத் தொடாமலே பணம் போகும் இடங்கள்

ஐந்தாறு நாளில் மூன்று தலைநகரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற பயணம் இப்போது சகஜமாகிவிட்டது. ப்ராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் 4 மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்டுக்கு 3 மணி நேரம்கூட ஆகாது. நாடுகள் மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருக்கின்றன, ஆனால் காசு மூன்று விதம்: செக்கில் கொருனா, ஆஸ்திரியாவில் யூரோ, ஹங்கேரியில் ஃபோரிண்ட். ஏமாற்றுகிறவனுக்கு இதுதான் முதலீடு. 1,200 கொருனா அதிகமா குறைவா என்று மனக்கணக்கு பழகுவதற்குள் அடுத்த ஊருக்கு ரயில் ஏறியிருப்போம். பிக்பாக்கெட்டும் உண்டுதான். ஆனால் அதைவிட அதிகமாகப் போவது, நாமே தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, பட்டனை அழுத்திக் கொடுக்கும் பணம்.

முதல் அடி ப்ராகின் பணம் மாற்றும் கடையில் விழும். பழைய நகரச் சதுக்கத்தையும் வென்செஸ்லாஸ் சதுக்கத்தையும் சுற்றி இந்தக் கடைகள் ஏராளம். கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ‘0% கமிஷன்’ என்று இருக்கும். அது பொய்யில்லை, கமிஷன் கிடையாதுதான். லாபம் ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. பலகையில் ‘வாங்கும் விலை’, ‘விற்கும் விலை’ என்று இரண்டு வரிசை. நாம் யூரோவைக் கொடுக்கிறோம், கடை அதை வாங்குகிறது, ஆகவே நமக்குரியது வாங்கும் விலை. கண்ணில் முதலில் படுவது விற்கும் விலையாக இருக்கலாம். நமக்குரியது ஓரத்தில் சின்னதாக இருக்கலாம், அல்லது நல்ல ரேட்டுக்குப் பக்கத்தில் ‘விஐபி, இவ்வளவு யூரோவுக்கு மேல் மாற்றினால் மட்டும்’ என்று பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை தொங்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 யூரோவுக்கு நியாயமாக 25 கொருனா வரவேண்டிய நாளில் கடை 17 கொடுத்தால், 200 யூரோவுக்கு 5,000 வரவேண்டிய இடத்தில் 3,400 வரும். 64 யூரோ காலி, அதுவும் ரசீதோடு. இதற்கு ஒரே மருந்து, பலகையைப் பார்க்காமல் கவுண்டரில் கேட்பது: “200 யூரோ தந்தால் என் கையில் எத்தனை கொருனா தருவீர்கள்?” தொகையைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். போனில் அன்றைய ரேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் நோட்டு ஜன்னலுக்கு உள்ளே போகவேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இது பலருக்குத் தெரியாததால்தான் அந்தக் கடைகள் இன்னும் ஓடுகின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள செக் சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை 3 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து நம் யூரோவை வாங்கிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ரசீதும் முழுத் தொகையும் கையில் இருக்கவேண்டும், அவ்வளவே. ஆகவே மாற்றிய கையோடு காபி குடிக்கப் போகாமல், ஓரமாக நின்று ரசீதைப் படியுங்கள். மறுத்தால் செக் தேசிய வங்கியின் பெயரைச் சொல்லுங்கள். இந்தக் கடைகளை மேற்பார்வை செய்வது அந்த வங்கிதான்.

தெருவில் வந்து “நல்ல ரேட் தருகிறேன்” என்பவனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவனை மூன்று மணி நேரம் கழித்து எங்கே தேடுவது? அவன் நீட்டுவது செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளாகவோ, மதிப்புக் குறைந்த ஹங்கேரி ஃபோரிண்டாகவோ இருக்கும். ஓர் அடையாளம்: செக் நோட்டு எல்லாவற்றிலும் ஒரு முகம் உண்டு. 1,000 கொருனாவில் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, 2,000-இல் ஓப்பரா பாடகி எம்மி டெஸ்டின். முகமே இல்லாமல் வெறும் கட்டடம் இருந்தால் அது செக் நோட்டே இல்லை.

ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே வேறு கதை. சுற்றுலாத் தெருக்களில் வங்கியோடு சம்பந்தமில்லாத தனி இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் திரையிலேயே பெரிய பெரிய தொகைகள் வரும், சின்னத் தொகை வேண்டுமென்றால் ‘வேறு தொகை’யைத் தேடவேண்டும். அடுத்த திரை, உங்கள் கார்டின் நாணயத்திலேயே கணக்கெடுக்கட்டுமா என்று கேட்கும். இதற்கு ஒத்துக்கொண்டால் இயந்திரக்காரன் வைத்த ரேட், நஷ்டம் 10 சதவீதத்துக்கு மேல்கூடப் போகலாம். மறுத்தால் நம் கார்டு நிறுவனத்தின் ரேட். மறுக்கும் பட்டன் பார்க்க என்னவோ பரிவர்த்தனையையே ரத்து செய்வது போல இருக்கும், ‘நிச்சயமா?’ என்று இரண்டாம் முறையும் கேட்கும். பயப்படாமல் மறுங்கள், பணம் வரும். கடைகளிலும் ஓட்டல்களிலும் கார்டு மெஷின் இதே கேள்வியைக் கேட்கும். சில இடங்களில் பணியாளரே நமக்காக அழுத்திவிடுவார், மெஷினை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து யூரோ மட்டும் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோடு போகிறவர்கள் கொருனாவுக்கும் ஃபோரிண்டுக்கும் கூடுதல் மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

ப்ராக் மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. டிக்கெட் வாங்கினால் போதாது, படிக்கட்டுக்கு முன்னால் உள்ள மஞ்சள் பெட்டியில் செருகி நேரத்தை அச்சடிக்கவேண்டும். நேரம் பதியாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான், “புதுசாக வந்தேன்” என்பது எடுபடாது. டிராமுக்குள் கார்டைத் தட்டி வாங்கும் டிக்கெட்டில் நேரம் தானாக அச்சாகியிருக்கும். செயலியில் வாங்கினால் ஏறுவதற்குச் சற்று முன்பே இயக்கிவிடுங்கள், அழுத்திய கணமே செல்லுபடியாகிவிடாது. வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் காகித டிக்கெட்டுக்கு இதே விதிதான். அபராதம் கேட்பவரிடம் அடையாள வில்லையைப் பாருங்கள், கட்டினால் ரசீது வாங்குங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தின் உணவுக் கடைகளில் இரும்புக் கம்பியில் பன்றித் தொடைக்கறி சுழலும். பலகையில் விலை மலிவாகத் தெரியும், பக்கத்தில் குட்டியாக ‘100 கி’, அதாவது 100 கிராமுக்கு, என்று இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கேட்காமலே பெரிய துண்டாக வெட்டித் தட்டில் போட்டுவிடுவார்கள். தராசு 400 கிராம் காட்டினால் பில் நான்கு மடங்கு. வெட்டுவதற்கு முன் “150 கிராம்” என்று சொல்லிவிட்டு தராசைப் பாருங்கள். பக்கத்திலேயே ‘பழைய பொஹீமியப் பலகாரம்’ என்று சர்க்கரை தூவி விற்கும் ட்ரடெல்னிக் ப்ராகின் பாரம்பரியமே இல்லை. அந்தப் பெயரில் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு பெற்றது ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊர்ப் பலகாரம். சாப்பிடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். வரலாற்றுக்கென்று காசு கொடுக்காதீர்கள்.

ப்ராகின் 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை அப்போஸ்தலர் பொம்மைகள் வரும். எல்லார் தலையும் மேலே, எல்லார் கையும் போனில். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கோட்டைக்குப் போகும் 22-ஆம் எண் டிராமிலும் அப்படியே.

வியன்னாவில் மோசடி குறைவு, வழவழப்பு அதிகம். ஸ்டீபன் பேராலயத்தின் முன்னால் வெள்ளை விக்கும் சிவப்புக் கோட்டும் போட்டு மொஸார்ட் வேடத்தில் டிக்கெட் விற்பவர்கள் விற்பது சுற்றுலாக் கச்சேரி. அரங்கத்தின் பெயர், இருக்கை வரிசை இரண்டையும் படித்துவிட்டுக் கொடுங்கள். ஸ்டேட் ஓப்பராவின் சொந்த நிகழ்ச்சிகள் ஜூலை, ஆகஸ்டில் பொதுவாகக் கிடையாது. விமான நிலையத்தில் பச்சை நிற விரைவு ரயில் 16 நிமிடத்தில் ஊருக்குள் விடும். எஸ்7 என்ற சாதா ரயில் அதே வீன் மிட்டே நிலையத்துக்கு 25 நிமிடத்தில் போகிறது, கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

புடாபெஸ்டில் தனியாக நடக்கும் ஆண்கள் கவனிக்கவேண்டியது வாட்ஸி தெரு. இரண்டு பெண்கள் வழி கேட்பார்கள், பேச்சு வளரும், “தெரிந்த பார் ஒன்று இருக்கிறது” என்பார்கள். அங்கே விலைப்பட்டியல் வராது. பில் நூற்றுக்கணக்கான யூரோவில் வரும், கூடவே வாசலை மறித்து ஆள் நிற்பான். அவர்கள் சொன்ன இடத்துக்குப் போகவே வேண்டாம். சிக்கிவிட்டால் அவசர எண் 112.

புடாபெஸ்ட் உணவக பில்லின் அடியில் ‘ஸெர்விஸ்தீய்’ (சேவைக் கட்டணம்) என்று 10 முதல் 15 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கார்டு மெஷின் டிப்ஸ் கேட்டால் பூஜ்யம் போடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1,000 ஃபோரிண்டையும் 10,000-ஐயும் இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். விமான நிலையத்துக்கு நேராகப் போகும் 100இ பேருந்துக்குத் தனி டிக்கெட் வேண்டும், நகரின் சாதா டிக்கெட் செல்லாது.

கடைசி நாள் சில்லறையை மிச்சம் வைக்காதீர்கள். பணம் மாற்றும் கடைகள் நோட்டைத்தான் வாங்கும், நாணயத்தை வாங்காது. சூப்பர் மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் பொட்டலமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஹங்கேரி பாப்ரிகா நம் குழம்புக்குக் காரம் போதாது, நிறத்துக்கு நன்றாக இருக்கும்.