செட்டிநாட்டுக்கு ஊழியப் பயணம்: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு வருபவர்களுக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடம் மூடும் நேரத்தில் தமிழ்நாட்டில் பள்ளி திறந்துவிடுகிறது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கோ ஜூலைக் கடைசியில்தான் விடுமுறை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சபைகள் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) நடத்துவது ஏப்ரல், மே மாதங்களில், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு. ஜூன் பிறந்ததும் பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சபைக் குடும்பங்களின் திட்டம் முதலில் உடைவது இந்த இடத்தில்தான். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை என்று ஐந்து நாள் விபிஎஸ் போட்டுக்கொண்டு வந்தால், எதிரே உட்காரப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே நிகழ்ச்சியை மாலை ஐந்திலிருந்து ஆறேமுக்காலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழு நாள் நிகழ்ச்சி வேண்டுமென்றால் சனிக்கிழமை. அதிலும் விடுபட்ட வேலை நாளை ஈடுகட்டச் சில சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். ஊர்த் தலைமையாசிரியரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பசி இருக்கும், அதனால் முதல் வேலை சுண்டலும் டீயும்தான், பாட்டெல்லாம் அப்புறம். ஒரு பிள்ளைக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 40 கிராம் என்று கணக்கு வைத்தால் ஐம்பது பேருக்கு 2 கிலோ வரும். காலை எட்டு மணிக்கு ஊறப்போட்டு மூன்றரைக்கு வேகவைத்தால் சரியாக இருக்கும். முந்தின இரவே ஊறப்போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றாமல் விட்டால், இந்த வெயிலுக்கு மதியத்துக்குள் நுரைத்துப் புளித்துவிடும்.

யார் எதைச் செய்யலாம் என்பதை டிக்கெட் போடும் முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இ-டூரிஸ்ட் விசாவில் கூலியோ வேறு பிரதிபலனோ வாங்காத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு இடம் உண்டு, அதிகபட்சம் ஒரு மாதம். ஆராதனையில் போய் உட்காருவதற்கும் தடையில்லை. ஆனால் பிரசங்கம் செய்வது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது, வீடு வீடாகப் போய் மதப் போதனை செய்வது எதுவும் அந்த விசாவில் ஆகாது. அதற்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) கையில் இருப்பதால் நமக்கு இதெல்லாம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த அறிவிப்புப்படி, மிஷனரிப் பணி செய்ய ஓ.சி.ஐ. அட்டைதாரரும் வெளிநாட்டினர் பதிவு அலுவலரிடம் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) சிறப்பு அனுமதி பெற வேண்டும். இதில் தவறினால் அவதிப்படுவது வந்து போகிறவர் மட்டுமல்ல. கூப்பிட்ட ஆயரும் அவர் பொறுப்பிலுள்ள சபைகளான சேகரமும் அதற்குப் பிறகும் அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும்.

நடைமுறையில் நன்றாக ஓடும் பங்கீடு இதுதான்: வேதபாடமும் ஜெபமும் உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கையில். விளையாட்டு, கைவேலை, பேச்சு ஆங்கிலம், சுண்டல் விநியோகம் வந்த குடும்பத்தின் கையில். பிள்ளைகளுக்கும் இதுவே நல்லது. ஊர் ஆசிரியர் சொல்லும் கதை நம் பேச்சுத் தமிழைவிட அவர்கள் காதில் நன்றாக ஏறும். போட்டோ எடுப்பதற்குப் பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காத படத்தை எங்கேயும் போடக் கூடாது.

பணம் கொடுப்பதிலும் இதே கவனம் தேவை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுக்கும் நன்கொடை ரூபாய் நோட்டாக இருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் பாங்கின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து விழ வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. ஆயர் கையில் கவரைத் திணிக்காதீர்கள். மறைமாவட்ட அல்லது பேராய அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் கணக்குக்கு கிளம்பும் முன்பே அனுப்பிவிட்டு வருவது எல்லோருக்கும் நிம்மதி.

மருத்துவ முகாம் என்றால் வெளிநாட்டு டாக்டர் இங்கே பதிவில்லாமல் சீட்டு எழுத முடியாது. உள்ளூர் டாக்டர் முன்னின்று நடத்த வேண்டும், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் பங்குக்கு வரிசையை ஒழுங்குபடுத்தலாம், பெயர் எழுதலாம், டாக்டர் மேற்பார்வையில் ரத்த அழுத்தம் பார்த்துக் குறிக்கலாம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை வேனுக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடேறினால் அளவு தப்பாகக் காட்டும், நிறுத்தி வைத்த வேனுக்குள் அதற்குப் பத்து நிமிடம் போதும்.

குடும்பமாகச் செய்யத் தோதான வேலை ஞாயிறு பள்ளிக் கூடத்துக்கு வெள்ளையடிப்பது. 20க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 800 சதுர அடி. கதவு ஜன்னல் போக 650 இருக்கும். பிரைமர் ஒரு கோட்டுக்கு 5 முதல் 6 லிட்டர், எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 10 முதல் 11 லிட்டர். பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு பல அடுக்காக ஏறியிருக்கும். அதன் மேலேயே எமல்ஷன் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் அப்பளமாக உரிந்துவரும். முதல் நாள் முழுக்கச் சுரண்டுவதற்கும் தூசி தட்டுவதற்கும் விடுங்கள், பெரியவர்கள் முகக்கவசம் கட்டிக்கொள்ளட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அங்கே வேலையில்லை. இரண்டாம் நாள் பிரைமர், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒவ்வொரு கோட் நிறம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு மணி நேரம் காய வேண்டும். வேலை காலை ஆறரையிலிருந்து பத்தரைக்குள். மதியம் மேற்குச் சுவர் கொதிக்கும், அப்போது பூசினால் பிரஷ் இழுத்த கோடு அப்படியே நின்றுவிடும். வெளிச்சுவரை ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் செம்மண் தூசி வந்து ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஆடிக்கு வேறொரு நன்மை உண்டு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இங்கே பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. வேன் கிடைக்கும், வாடகையும் பேசலாம், தங்குமிடமும் காலியாக இருக்கும். ஆனி, ஆவணி முகூர்த்த நாட்களில் இதற்கு நேர்மாறு. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வீடுகள் பலவும் இன்னமும் பங்காளிகளுக்குப் பொதுவான குடும்பச் சொத்து. வீட்டில் கல்யாணமோ அறுபதாம் கல்யாணமான சாந்தியோ வந்தால் பார்வையாளர்களுக்குக் கதவு திறக்காது.

வேன் பேசும்போது கேட்க வேண்டியவை சில. நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது. ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்றால் மதுரை வேனைக் காரைக்குடிக்கு எடுப்பதில் போக வர 180 கிலோமீட்டர் சும்மா போய்விடும். டிரைவர் பேட்டா, இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் கூடுதல் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி. மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. திட்டம் மாறினால் முந்தின இரவு எட்டு மணிக்குள் டிரைவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் தூங்குவதும் டீசல் போடுவதும் அதைப் பொறுத்துதான்.

ரயிலில் வருபவர்களுக்குச் சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. மதியம் 3.45 அளவில் கிளம்பி, விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை வழியாக இரவு ஒன்பதைத் தாண்டிக் காரைக்குடி சேரும். திரும்பும் வண்டி விடியற்காலை ஐந்தரை வாக்கில். உட்கார்ந்து போகும் வண்டி, படுக்கை கிடையாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பிருந்த 120 நாள் கணக்கை மனதில் வைத்திருக்காதீர்கள். கடைசி நேரத்தில் தத்கால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2025 ஜூலை முதல் இணையத்தில் தத்கால் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும், வெளிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது இல்லை. காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறவும் முடியாது. விமானத்தில் நேரே வருவதானால் திருச்சியே எளிது. விமான நிலையமே புதுக்கோட்டைச் சாலையில் இருப்பதால் ஊருக்குள் நுழையாமல் திருமயம் வழியாக இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம், வழியிலேயே திருமயம் கோட்டையையும் பார்த்துவிடலாம்.

தங்குமிடத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தங்கும் விவரப் படிவத்தை (சி படிவம் என்று வழங்கிவந்தது) இணையத்தில் ஏற்ற வேண்டும். ஓட்டல்களுக்கு இது பழக்கம். சபை விருந்தினர் அறையிலோ விசுவாசி வீட்டிலோ தங்கினால் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கு வந்துவிடும். அவர்களுக்கு அது தெரியாமலே இருக்கலாம், நீங்களே எடுத்துச் சொல்லிச் செய்துகொடுங்கள்.

ஊர் சுற்றுவதை மதியத்துக்கு வைப்பது வினோதமாகத் தோன்றும், ஆனால் செட்டிநாட்டில் அதுதான் பொருந்தும். உயரமான கூரை, நடுவே வளவு எனும் முற்றம், தேக்குத் தூண்கள், சுண்ணாம்பு பூசிய கனத்த சுவர்: இந்த வீடுகளைக் கட்டியதே வெயிலைச் சமாளிக்கத்தான். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளுக்குள் நின்றால் வெளிச்சூடு தெரியாது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டிய செட்டிநாட்டு அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். உள்ளே போகக் கட்டணம் வாங்கும் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பிள்ளையார்பட்டிக் குடைவரையைப் பார்க்க நினைப்பவர்கள் காலையிலேயே போக வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். சங்கடஹர சதுர்த்தியைத் தவிருங்கள்.

ஆத்தங்குடியில் தரை ஓடு செய்யும் பட்டறைக்கும் காலையே நல்ல நேரம். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல், பிறகு ஈரக் கலவை என்று நிரப்பி மட்டம் தட்டுவார்கள். காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தானே விட்டுவரும், பளபளப்பு அந்தக் கண்ணாடி தருவது. சூளையில் வைப்பதே இல்லை. பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு நாளை ஓரியூருக்கு ஒதுக்குவது நியாயம். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஊர். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போக வேண்டும். கோடையில் திருவிழாக் கூட்டம் இல்லாததால் அமைதியாக ஜெபிக்கலாம். வழியில் சாப்பாட்டுக் கடை குறைவு, தேவகோட்டையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். மதுரை வழியாகத் திரும்புபவர்கள் மானாமதுரைச் சாலையில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் செங்கல்லில் எழுப்பியது. இந்த இரண்டு இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே.

இத்தனையும் சொன்ன பிறகும் திட்டம் மாறும். சேகர குருவின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கும். ஒரு துக்கம் விழுந்தால் அன்றைய நிகழ்ச்சி எல்லாம் அடக்க ஆராதனைக்கு வழிவிட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. போகத் தெரிந்தவர்கள் தாங்களும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், ஊழியத்தில் அதுவும் சேர்ந்ததே. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நீளும், முன்கூட்டியே நாளிதழில் போடுவார்கள். அன்றைக்கு டேங்கில் தண்ணீர் ஏற்றிவிட்டு ஓரியூருக்குக் கிளம்பிவிடுங்கள். ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், மாலை என்று மூன்றாகப் பிரித்து மதியத்தை மட்டும் எதற்கும் வாக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால், காலையில் தவறியது அங்கே வந்து உட்காரும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது, சுவடிகளுக்கு 75 வருடம். வயது குறைந்ததுதான் என்றாலும் பழையதாகத் தெரியும் மரச் சிற்பத்துக்கோ பித்தளை விளக்குக்கோ விமான நிலையத்தில் கேள்வி வரும். தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாளாகும். பில்லில் பொருளின் விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்டாங்கிச் சேலைக்கும் பனையோலைக் கொட்டானுக்கும் இந்தக் கவலை எதுவும் இல்லை. நெய்கிறவர், பின்னுகிறவரிடமே வாங்கினால் காசும் நேரே அவர்கள் கைக்கே போகும்.