நான்கு செல்லோவுக்கு ஷோபானின் இ மைனர் பிரெலூட்: மூன்று வாரம் வாசித்த பிறகு

இசையமைப்பாளர் ஷோபானின் ஓபஸ் 28 என்ற தொகுப்பில் நான்காவது பிரெலூட், அதாவது ஒரு குறும் பியானோ பாட்டு. மொத்தம் 25 பார் (தாளச் சுற்று) தான். இதை நான்கு செல்லோவுக்கு (வயலின் குடும்பத்தின் பெரிய வில் வாத்தியம்) மாற்றி எழுதிய இசைத்தாளை இணையத்தில் வாங்கி, எங்கள் சிறு குழுவில் மூன்று வாரமாக வாசிக்கிறோம். நான் மூன்றாம் செல்லோ.

முதலில் இதன் பெரிய பலம். மூலத்தில் இடது கை பெரும்பாலும் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே கார்டாகத் தட்டிக்கொண்டே இருக்கும். அவை கொஞ்சம் கொஞ்சமாக, பெரும்பாலும் அரைச்சுரமாக, கீழே இறங்கும். மூன்றும் சேர்ந்து இறங்குவதில்லை. பியானோவில் ஒரே கை அமுக்குவதால் எது இறங்கியது என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே ஒவ்வொரு சுரமும் ஓர் ஆளுக்கு. பக்கத்தில் இருப்பவர் இறங்கும்போது நான் நிற்கிறேன்; அடுத்து நான் இறங்க, அவர் நிற்கிறார். இருபது வருடமாகக் கேட்ட பாட்டில் இந்த நகர்வை இப்போதுதான் உடம்பால் உணர்ந்தேன்.

மெலடியை அதே உயரத்தில் விட்டதும் சரியான முடிவு. நடு ஸி-க்கு மேலுள்ள பி, முதல் செல்லோவுக்குத் தம்ப் பொசிஷன்; கட்டைவிரலையும் தந்திமேல் வைத்து வாசிக்க வேண்டும். கஷ்டம்தான். ஆனால் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறக்கினால் மெலடி நேராக எங்கள் கார்டுக்குள் விழுந்து காணாமல் போகும்.

குறை என்றால் வில் குறிகள். பியானோவில் ஒவ்வொரு கார்டும் அடித்தவுடன் தேய ஆரம்பிக்கும், அதுதான் அந்தப் பாட்டின் மூச்சு. செல்லோ தேயாது. ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லைத் திருப்பினால் ரம்பம் அறுப்பது போல இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் துடிப்பே போய்விடுகிறது. ஒரே வில்லில் நான்கு சுரங்களை லேசாகப் பிரித்து அழுத்தும் போர்ட்டாட்டோதான் வழி. அது தாளில் இல்லை. நாங்களே பென்சிலால் குறித்தோம், அதற்கே ஒரு மாலை போனது. இரண்டாம் செல்லோ தாளில் ஒரு சொற்றொடரின் நடுவே கிளெஃப் (கோடுகளில் எது எந்தச் சுரம் என்று காட்டும் குறி) மாறுவதும் தேவையில்லாத தொல்லை.

கடைசி மூன்று கார்டுகளில் மூலத்தில் நான்குக்கு மேல் சுரங்கள். இங்கே ஒருவரே இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்கும் இரட்டைத் தந்தியாகப் பங்கிட்டிருக்கிறார்கள். அழகாக ஒலிக்கும், ஆனால் சுருதி துளி பிசகினாலும் தெரிந்துவிடும். அதற்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அப்புறம், லார்கோ (மிக மெதுவாக) என்று பார்த்தவுடன் ஊர்ந்துபோக வேண்டாம். பாருக்கு இரண்டு தட்டு என்றுதான் போட்டிருக்கிறது. நாங்கள் முதல் வாரம் அதைக் கவனிக்காமல் நான்காக எண்ணி, வில் பாதியிலேயே தீர்ந்து தவித்தோம்.

ஷோபான் செல்லோவை நேசித்தவர்; தன் செல்லோ சொனாட்டாவை நண்பரான செல்லோக் கலைஞர் ஃப்ரான்ஷோமுக்குச் சமர்ப்பித்தார். 1849-இல் பாரிஸின் மத்லேன் தேவாலயத்தில் அவருடைய இறுதிச் சடங்கில் இதே பிரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். எனவே பியானோ பாட்டை வேறு வாத்தியத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற தயக்கம் எனக்கு இல்லை. தம்ப் பொசிஷனில் தயங்காத ஒருவர் குழுவில் இருந்தால் வாங்குங்கள். முதல் ஒத்திகைக்குப் பென்சில் எடுத்துப் போங்கள்.