ஜார்ஜ் பிளிம்ப்டன்: சீரியல்ல ஆரம்பிக்கவா, வெஸ்டர்ன்லயா?

மௌனப்பட காலத்துல இருந்து 1950கள் வரைக்கும் ஹாலிவுட்ல திரைக்கதையா எழுதித் தள்ளின மனுஷன், இவரோட கௌபாய் படங்கள் (வெஸ்டர்ன்), வாரம் ஒரு அத்தியாயமா தியேட்டர்ல ஓடின தொடர் படங்கள் (சீரியல்), இதுல எதை முதல்ல பாக்கறதுன்னு குழப்பமாத்தான் இருக்கும்.

நேரம்: வெஸ்டர்ன் சுமார் ஒரு மணி நேரம். சீரியல்னா, 1936ல வந்த விண்வெளி சாகசத் தொடர் ஃப்ளாஷ் கார்டனே 13 அத்தியாயம், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 20 நிமிஷம்.

கதை: வெஸ்டர்ன்ல குதிரை, துப்பாக்கி, வில்லன் மாட்டுவான், அவ்ளோதான். சீரியல்ல ஹீரோ செத்தான்னு நினைக்கற இடத்துல கட் பண்ணிடுவாங்க, அடுத்த வாரமும் தியேட்டருக்கு வரவைக்கணும்ல, அப்புறம் பாத்தா கார் பள்ளத்துல விழறதுக்கு முன்னாடியே ஆள் குதிச்சிருப்பான், போன வாரம் அதைக் காட்டவே இல்ல (பச்சை ஏமாத்து வேலை!).

எழுத்து: ஃப்ளாஷ் கார்டனுக்கு நாலு பேர் எழுதியிருக்காங்க, இவர் கை எதுன்னு பிரிக்கவே முடியாது.

ஒரே ராத்திரில முடிக்கணும்னா வெஸ்டர்ன். தினம் சாப்பிடறப்ப ஒண்ணுன்னு பாக்கறவங்களுக்கு சீரியல், மொத்தமா பாத்தா தலைவலி கேரன்ட்டி.