மரபணு ஆலோசனை மையம் ஒன்றின் சேவை: ஒரு மதிப்பீடு

தங்கையின் பெண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற, உடல், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி நிலை இருக்கலாம் என்று, முகச்சாயலையும் உள்ளங்கை ரேகையையும் தசைத் தளர்ச்சியையும் பார்த்துக் குழந்தை மருத்துவர் சொன்னதையடுத்து, சென்னையிலுள்ள தனியார் மரபணு ஆலோசனை மையம் ஒன்றை நாடினோம். குறைகளையும் எழுதப்போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

"பார்த்தாலே தெரிகிறதே, பிறகு எதற்கு இந்தச் செலவு?" என்று தங்கையின் மாமியார் கேட்ட கேள்விக்கு ஆலோசகர் சொன்ன பதில்தான் இந்தச் சேவையின் மதிப்பையே எனக்குப் புரியவைத்தது. செல்லுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கி, ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்களில் 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதே இந்நிலைக்குக் காரணம் என்பது பிரான்ஸில் ழெரோம் லெழேன் குழுவினர் 1959இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கூடுதல் எவ்வழியாக வந்தது என்பதை முகம் காட்டாது. நூறில் ஏறத்தாழ 95 குழந்தைகளுக்கு, பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஜோடி பிரியாமல் போவதால், தனியாக ஒரு மூன்றாவது 21ஆம் குரோமோசோம் வந்து சேர்கிறது. மூன்று நான்கு பேருக்கு அது வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டு வருகிறது. மிகச் சிலருக்கு உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டுமே கூடுதல் இருக்கும். அடுத்த குழந்தைக்கும் வருமா என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பச்சை மூடியிட்ட குழாயில் எடுத்த சிறிதளவு ரத்தத்தை ஆய்வகத்தில் சுமார் மூன்று நாள் வளர்த்து, செல்கள் பிரியும் தருணத்தில் நிறுத்தி, குரோமோசோம்களுக்குச் சாயமேற்றிப் படமெடுக்கிறார்கள். எங்கள் குழந்தையின் அறிக்கையில் குரோமோசோம்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் இயல்பாக உள்ள 46 என்றே இருந்ததைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே மாப்பிள்ளை நினைத்துவிட்டார். ஆலோசகர் படத்தில் 14ஆம் ஜோடியைச் சுட்டிக்காட்டினார்: அதில் ஒன்று மட்டும் மற்றதைவிட நெட்டையாக, தலைப்பகுதியில் 21ஆம் குரோமோசோமின் நீண்ட கை (அதன் பெரிய பகுதி) ஒட்டிய நிலையில் இருந்தது; அதனால்தான் கூடுதல் தனியாக எண்ணிக்கையில் வரவில்லை. பெற்றோர் இருவரையும் சோதித்தபோது, இந்த ஒட்டு தங்கையிடமிருந்தே வந்தது தெரிந்தது. ஒட்டிய இரண்டும் ஒன்றாக எண்ணப்படுவதால் அவளுக்கு மொத்தம் 45. ஆனால் மரபுப்பொருளின் அளவு சரியாக இருப்பதால் எந்தக் குறையும் இல்லை. இவ்வகையில் தாய் கடத்துபவராக (தனக்குக் குறையின்றி இந்த ஒட்டைச் சுமப்பவராக) இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு சுமார் 10 முதல் 15 விழுக்காடு. தந்தையாக இருந்தால் மிகக் குறைவு. உடன்பிறந்தவன் என்ற முறையில் என்னையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் அறிக்கை இயல்பாக வந்தது.

தங்கை அத்தை மகனை மணந்தவள் என்பதால், சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து குழந்தையிடம் ஒன்றுசேரும் நோய்களுக்கே சொந்தத் திருமணம் வழிசெய்யும், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மாமியாரின் முன்னிலையிலேயே ஆலோசகர் பொறுமையாக விளக்கியதை எத்தனை பாராட்டினாலும் தகும்.

குறைகளுக்கு வருகிறேன். வரவேற்பறையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம், தாயின் வயதைத் தவிர வேறு காரணமே இல்லை என்பதுபோல எழுதப்பட்டிருக்கிறது. 35 வயதில் ஏறத்தாழ 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று என வாய்ப்பு கூடுவது உண்மைதான்; ஆனால் எங்கள் குழந்தையைப் போன்ற ஒட்டு வகைக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. அடுத்த கர்ப்பத்துக்கென்று அங்குள்ள விற்பனைப் பிரிவினர் ஒரு ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை வற்புறுத்தியதும் பிடிக்கவில்லை. தாயின் ரத்தத்தில் கலந்துள்ள நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை அளக்கும் அந்தச் சோதனை, 18ஆம், 13ஆம் குரோமோசோம்கள் கூடுவதால் வரும் எட்வர்ட்ஸ், படாவ் நிலைகளையும் சேர்த்துக் காட்டுகிறது என்றாலும், அது வாய்ப்பை மட்டும் சுட்டும் வடிகட்டல் சோதனையே. உறுதிசெய்யப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துத்தான் ஆக வேண்டும். இதை ஆலோசகர் சொன்னாரே தவிர, விற்பனைப் பிரிவு சொல்லவில்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும் பெரும் இடர்ப்பாடு.

கட்டணம் சற்றுக் கூடுதல், காத்திருப்பும் அதிகம். இருந்தாலும், அறிக்கையை விளக்கும் ஆலோசனை நேரமும் கட்டணத்தில் அடங்குமா என்று முன்பே கேட்டு உறுதிசெய்துகொண்டு செல்வோருக்கு இம்மாதிரி மையங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தையின் இதய எக்கோ, தைராய்டு அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; ஆலோசகர் அவற்றையும் கேட்பார்.